நீங்கும் என்று திருத்தினோம்



இலக்கிய அன்பர்கள் கூடிப் பேசும் இவ்விடத்தில், காந்தத்தையும் லேசர் ஒளியையும் பற்றித் தமிழாசிரியர் ஒருவர் எழுத வருவது சிலருக்கு வியப்பளிக்கலாம். எழுதும் நமக்கும் வியப்பாகவே உள்ளது. எனினும் எழுதத்தான் வேண்டும். பல ஆண்டுகளாக நெஞ்சில் தைத்திருக்கும் ஒரு பிழையை ஒப்புக்கொள்ளும் கட்டுரை இது. பிழை நிகழ்ந்தது இயற்பியலில். நிகழ்த்தியவர் தமிழிலக்கியத்தில் முதுகலை முடித்த நாம்.

2014ஆம் ஆண்டு என்று நினைவு. தஞ்சையில் நாம் பணியாற்றும் கல்லூரியின் இயற்பியல் துறையினர், தமிழ்வழியில் பயிலும் இளநிலை மாணவர்களுக்காக ஒளியியல் குறிப்புநூல் ஒன்றை ஆயத்தம் செய்தனர். எழுதிய பேராசிரியை அச்சுக்குப் போகுமுன் கட்டினை நம் மேசைமேல் வைத்து, "தமிழய்யா, சந்திப்பிழை, ஒருமை பன்மைப் பிழை மட்டும் பார்த்துக் கொடுங்கள்" என்றார். மட்டும் என்று அவர் சொன்னதை நாம் மறந்தோம். அங்குதான் வினை தொடங்கியது.

கட்டின் நடுவில் ஒரு தொடர் இருந்தது. காந்தப்புலத்தில் வைத்த கண்ணாடியின் வழியே சென்ற லேசர் ஒளி, ஆடியில் பட்டு அதே வழியில் திரும்பினால், அதன் தளம் அடைந்த சுழற்சி நீங்காது, இரட்டிக்கும் என்பது அத்தொடரின் கருத்து. படித்ததும் நமக்கு நகைப்பு வந்தது. போனது போன வழியே திரும்பினால், போகும்போது பட்டதெல்லாம் நீங்கிப் பழைய நிலைக்குத்தானே வரும்? விரைந்து எழுதியதில் கைதவறியிருக்கிறது என்று முடிவு கட்டினோம். சிவப்பு மையால் 'நீங்காது' என்பதை அடித்து 'நீங்கும்' என்று எழுதினோம். 'இரட்டிக்கும்' என்பதையும் நீக்கினோம். தொடர் செம்மையாகிவிட்டது என்ற மனநிறைவு வேறு!

அம்முடிவுக்கு நாம் வந்தது வெறும் அகந்தையால் அன்று, அரைகுறை அறிவாலும்தான். நம் தந்தையார் வெண்ணாற்றுப் பாசனத்தில் நெல்லும், மேட்டு நிலத்தில் சிறிது கரும்பும் பயிரிட்டவர். எட்டாம் வகுப்புப் படிக்கையில் ஒருநாள் அவருடன் சர்க்கரை ஆலைக்குச் சென்றிருந்தோம். ஆய்வுக்கூடத்தில் இருந்த வேதியியலாளர் நம் ஆர்வத்தைக் கண்டு உள்ளே அழைத்து, நீண்ட குழாய் ஒன்றைக் காட்டினார். தெளிய வைத்த கரும்புச் சாறு அதனுள் இருந்தது. ஒரு முனையில் மஞ்சள் நிறச் சோடியம் விளக்கு. மறுமுனையில் கண் வைத்துப் பார்க்கும் துளை. அவர் ஒரு வட்டத்தைத் திருகத் திருக, பார்வையில் பாதி இருண்டு பாதி ஒளிர்ந்தது. "சாற்றில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு தூரம் ஒளியைச் சுற்றிவிடும் தம்பி. அதை அளந்தால் சர்க்கரை தெரிந்துவிடும்" என்றார். பிறகு ஒன்று சொன்னார். "இந்த ஒளியை ஒரு கண்ணாடி வைத்துத் திருப்பி அனுப்பினால், போகும்போது சுற்றியதெல்லாம் வரும்போது அவிழ்ந்துவிடும்." அவர் சொன்னது முற்றிலும் உண்மை. அவ்வுண்மையை உரிய இடத்திலிருந்து எடுத்து உரியதல்லாத இடத்தில் வைத்தது நம் குற்றம்.

நூல் அச்சாயிற்று. அகமதிப்பீட்டுத் தேர்வும் வந்தது. அத்தொடரை ஒட்டி ஒரு வினா கேட்கப்பட்டது. திருவாரூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்து படித்த ஒரு மாணவி, அச்சில் கண்டபடியே எழுதி, மதிப்பெண் இழந்தாள். தாம் எழுதிய நூலில் இப்படி ஒரு வரி இருக்கிறதென்று பேராசிரியைக்கே அப்போதுதான் தெரிந்தது. இருவரும் நம் துறைக்கு வந்தனர். பேராசிரியை நூலைத் திறந்து காட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. மாணவிதான் சொன்னாள்: "மனப்பாடம் செய்து எழுதவில்லை ஐயா. திரும்பி வந்தால் சரியாகிவிடும் என்பது எனக்குப் புரிந்த மாதிரியே இருந்தது. அதனால்தான் எழுதினேன்."

அச்சொல் நம்மைச் சுட்டது. மதிப்பெண் போனது பெரிதன்று. அதைத் திரும்பக் கொடுத்துவிடலாம், கொடுத்தும்விட்டனர். இயற்கையில் இல்லாத ஒன்றை அவள் 'புரிந்து' கொள்ளுமாறு செய்தோமே, அதை எப்படித் திரும்பப் பெறுவது? ஆங்கிலத்தில் படிக்கும் மாணவனுக்கு ஒரு நூல் பிழைத்தால் வேறு பத்து நூல்கள் உள்ளன. தமிழில் படிக்கும் அவளுக்கு அவ்வோர் ஏடுதான் இருந்தது. அதில் நாம் கை வைத்திருந்தோம்.

"தமிழய்யா, நாளை மாலை ஆய்வகத்துக்கு வாருங்கள்" என்று மட்டும் கூறிச் சென்றார் பேராசிரியை. மறுநாள் மாணவியும் வந்திருந்தாள். அங்கு நாம் கண்டதை, நம்மைப் போன்ற இலக்கிய மாணவர்க்கு விளங்கும் வகையில் சொல்ல முயல்கிறோம்.

ஒளி ஓர் அலை. கயிற்றின் ஒரு முனையைக் கட்டி மறுமுனையை உதறினால் அலை எழுகிறதல்லவா? மேலும் கீழுமாக உதறினால் ஒரு தளத்தில் அலை ஓடும். பக்கவாட்டில் உதறினால் வேறொரு தளத்தில் ஓடும். விளக்கொளியில் எல்லாத் தளங்களிலும் அதிர்வுகள் கலந்து கிடக்கின்றன. போலராய்டுத் தகடு ஒன்றின் வழியே அதைச் செலுத்தினால், ஒரே தளத்து அதிர்வு மட்டும் மிஞ்சும். இதையே பாடநூல்கள் தளவிளைவு என்கின்றன. முனைவாக்கம் என்பாரும் உண்டு. இரண்டாவது போலராய்டை முதலாவதற்குக் குறுக்காக வைத்தால் ஒளி முற்றும் தடைபட்டு இருள் தோன்றும். அவ்விருளில் சற்றே வெளிச்சம் கசிந்தால், இடையில் ஏதோ ஒன்று தளத்தைச் சுழற்றியிருக்கிறது என்று பொருள்.

பேராசிரியை முதலில் சர்க்கரைக் கரைசலை வைத்தார். 100 மில்லிலிட்டருக்கு 26 கிராம் சர்க்கரை, 20 சென்டிமீட்டர் குழாய். சர்க்கரை ஆலைகளில் பன்னெடுங்காலமாக வழங்கும் அளவு அது. ஹீலியம்-நியான் லேசரின் சிவப்புக் கதிர் அதைக் கடந்ததும் ஏறத்தாழ 30 பாகை சுழன்றிருந்தது. மறுமுனையில் ஆடியை வைத்து ஒளியைத் திருப்பியதும், வேதியியலாளர் சொன்னபடியே சுழற்சி சுழியமாயிற்று. நம் முகம் மலர்ந்ததை அவர் கவனித்திருக்க வேண்டும். "பொறுங்கள்" என்றார்.

அடுத்துக் கம்பிச்சுருளின் நடுவே ஒரு கண்ணாடித் தண்டை வைத்தார். ஈயம் மிகுந்த கனத்த கண்ணாடி அது. மின்சாரம் பாயாதபோது ஒளியின் தளம் அசையவில்லை. சுருளில் மின்சாரம் பாய்ந்து காந்தப்புலம் எழுந்ததும் சுமார் இரண்டரைப் பாகை சுழன்றது. பிறகு ஆடியை வைத்தார். நம் திருத்தத்தின்படி அது சுழியமாக வேண்டும். ஆகவில்லை. ஐந்து பாகையாயிற்று! அந்த இருட்டறையில், சுவரில் தெரிந்த சிறு செம்புள்ளி நம்மைப் பார்த்துச் சிரிப்பது போலிருந்தது.

இவ்விளைவைக் கண்டவர் மைக்கேல் பாரடே; நாள் 1845 செப்டம்பர் 13. மின்சாரத்துக்கும் ஒளிக்கும் தொடர்பு இருக்கத்தான் வேண்டும் என்று பல ஆண்டுகள் தேடித் தோற்றவர் அவர். தொலைநோக்கிகளுக்கு நல்ல கண்ணாடி வார்க்கும் பணியில் 1820களில் அவரே உருவாக்கிய ஈயக் கண்ணாடித் துண்டுதான், இருபதாண்டுகளுக்குப் பின் காந்தமுனைகளின் அருகே வைக்கப்பட்டபோது அவருக்குக் கைகொடுத்தது. அன்று லேசர் இல்லை, எண்ணெய் விளக்கொளியே. முதல் லேசர் 1960இல்தான் பிறந்தது. கண்ணாடியின் முனைகளுக்கு வெள்ளிப் பூச்சிட்டு ஒளியை முன்னும் பின்னுமாகப் பலமுறை ஓடவிட்டு, ஒவ்வோர் ஓட்டத்துக்கும் சுழற்சி கூடிக்கொண்டே போவதைப் பாரடேயே கண்டறிந்து எழுதியுள்ளார். நாம் 'திருத்திய' செய்தி, ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்பே நிறுவப்பட்ட ஒன்று!

காந்தம் நேரே ஒளியைப் பிடித்துத் திருகுவதில்லை என்பதையும் அன்று அறிந்தோம். இடையில் ஒரு பொருள் வேண்டும். தளமாக அதிரும் ஒளியை, வலமாகச் சுழல்வதும் இடமாகச் சுழல்வதுமான இரண்டு ஒளிகளின் கூட்டாகக் கொள்ளலாம். பெரிய கோயில் திருச்சுற்றில் நந்தியின் முன்னிருந்து இருவர் ஒரே நேரத்தில் புறப்பட்டு எதிரெதிராகச் சுற்றுவதாக எண்ணுங்கள். இருவர் நடையும் ஒத்தால் எப்போதும் அதே இடங்களில் சந்திப்பர். ஒருவர் சற்றே பிந்தினால் சந்திக்கும் இடம் நகரும். கண்ணாடியின் அணுக்களிலுள்ள எலக்ட்ரான்கள், காந்தப்புலத்தில் இருக்கும்போது, இவ்விரு சுழல் ஒளிகளுக்கும் வேறுவேறு வேகத்தை அளிக்கின்றன. சந்திக்கும் இடம் நகர்வதே தளச் சுழற்சி. புலத்தின் வலிமை, அதில் ஒளி கடக்கும் நீளம், பொருளின் இயல்பு ஆகிய மூன்றின் பெருக்கமே அதன் அளவு. பொருளின் இயல்பைக் குறிக்கும் எண்ணுக்கு, 1850களில் இதை நுணுகி அளந்த பிரெஞ்சு அறிஞர் வெர்டேயின் பெயரே வழங்குகிறது. ஒளியின் நிறத்தைப் பொறுத்தும் அவ்வெண் மாறும். நீலம் சிவப்பைவிட மிகுதியாகச் சுழலும். ஒற்றை நிறமுடைய லேசர் இவ்வளவீட்டுக்கு ஏற்றதாக இருப்பது அதனால்தான்.

இவை விளங்கின. ஆனால் முதன்மையான ஐயம் விளங்கவில்லை. சர்க்கரையும் சுழற்றுகிறது, காந்தமும் சுழற்றுகிறது. ஒன்றில் திரும்பினால் நீங்குகிறது, மற்றொன்றில் கூடுகிறது. ஏன்?

அன்றிரவு உறக்கம் வரவில்லை. விடை கடைசியில் நம் துறையிலிருந்தே கிடைத்தது என்றால் நம்புவீர்களா? வலம்புரி என்கிறோம், வலஞ்சுழி என்கிறோம். இரண்டும் வலம், இரண்டும் திருகல். ஆனால் புரி வேறு, சுழி வேறு.

வலம்புரிச் சங்கை எந்த முனையிலிருந்து பார்த்தாலும் அது வலம்புரியே. திருப்பிப் பிடித்தால் இடம்புரி ஆகிவிடாது. நம் வயற்காட்டில் வைக்கோலை முறுக்கித் திரிக்கும் கயிற்றைப் பிரி என்கிறோமே, அதுவும் புரிதான். இம்முனையிலிருந்து பார்த்தாலும் அம்முனையிலிருந்து பார்த்தாலும் முறுக்கின் கை மாறாது. சர்க்கரையின் மூலக்கூறு இப்படி ஒரு புரி. அதன் வழியே செல்லும் ஒளி, சுருள் படிக்கட்டில் ஏறுபவனைப் போன்றது. ஏறும்போது எத்தனை சுற்றுச் சுற்றினானோ, இறங்கும்போது அத்தனையும் எதிர்த்திசையில் சுற்றி நீங்கிவிடும்.

சுழி அப்படியன்று. குடந்தைக்கு அருகிலுள்ள திருவலஞ்சுழியின் பெயரை எண்ணிப் பாருங்கள். ஆற்றில் வலமாகச் சுழலும் சுழியைக் கரையில் நிற்பவன் வலம் என்பான். நீருக்கு அடியிலிருந்து மீன் ஒன்று அண்ணாந்து பார்த்தால் அதற்கு அது இடஞ்சுழி. சுழி மாறவில்லை, பார்ப்பவர் இடம் மாறியது. அச்சுழியில் ஒரு பரிசல் மேற்கிலிருந்து வந்து அகப்பட்டாலும், கிழக்கிலிருந்து வந்து அகப்பட்டாலும், சுழி தன் பக்கமே திருப்பும். கம்பிச்சுருளில் ஓடும் மின்சாரம் இத்தகைய சுழி. ஒளி எத்திசையில் வந்தாலும் அது தன் பக்கமே திருப்புகிறது. ஆகவே போகும்போது பட்ட திருப்பமும் வரும்போது பட்ட திருப்பமும் கூடுகின்றன.

மறுநாள் இதைச் சொன்னபோது பேராசிரியை மகிழ்ந்து, "அப்படியே சரி ஐயா. சர்க்கரையின் திருப்பம் ஒளி செல்லும் திசையைப் பொறுத்தது, காந்தத்தின் திருப்பம் புலத்தின் திசையைப் பொறுத்தது" என்றார். ஊக்கம் மிகுந்து, முன்னதைப் புரிச்சுழற்சி என்றும் பின்னதைச் சுழிச்சுழற்சி என்றும் பெயரிடலாமே என்றோம். "புதுச்சொல் வேண்டாம் தமிழய்யா, வினாத்தாளில் வரும் சொல்லே பிள்ளைகளுக்குப் போதும்" என்று கைகூப்பிவிட்டார். சரிதானே, ஒருமுறை பட்டவர்!

இப்படி நீங்காமல் கூடும் தன்மையால் ஒரு பெரும்பயனும் உண்டு. லேசரிலிருந்து புறப்பட்ட ஒளி எதிலேனும் பட்டுத் திரும்பி லேசருக்குள்ளேயே நுழைந்தால், அதன் இயக்கம் தடுமாறும். அதைத் தடுக்கக் காந்தத்தின் நடுவே ஒரு படிகத்தை வைத்து, தளம் சரியாக 45 பாகை சுழலுமாறு செய்கின்றனர். இருபுறமும் போலராய்டு போன்ற வடிகட்டிகள். போகும் ஒளி 45 பாகை சுழன்று தடையின்றி வெளியேறும். திரும்பும் ஒளி மேலும் 45 பாகை சுழன்று, மொத்தம் 90 பாகையாகி, முதல் வடிகட்டிக்குக் குறுக்காகி நின்றுவிடும். டெர்பியம் கலந்த ஒருவகைச் செயற்கைப் படிகம் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. ஒரு டெஸ்லா வலிமையுள்ள புலத்தில், சிவப்பு ஒளியை 45 பாகை சுழற்ற அதில் ஆறு மில்லிமீட்டர் நீளம் போதும். அதே புலத்தில் தண்ணீருக்கு 20 சென்டிமீட்டருக்கும் மேல் வேண்டும். வெள்ளநீரை வெளியே விட்டுக் கடல்நீரை உள்ளே விடாமல் தடுக்கும் கடைமடை மதகுகளைப் பார்த்தவர்க்கு இக்கருவி உடனே விளங்கும். தொலைத்தொடர்பு இழைகளில் ஒளியைப் பெருக்கும் அமைப்புகளிலும் இத்தகைய ஒருவழி மதகு உண்டு. 'நீங்கும்' என்ற நம் திருத்தம் மெய்யாயிருந்தால் இவற்றில் ஒன்றும் இயங்கியிராது.

இன்னொரு செய்தியும் அன்று பேராசிரியையிடம் கேட்டோம். அதைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சர் சி.வி.இராமனின் முன்னோர் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர்களில் நிலம் வைத்திருந்தவர்கள். அவருடைய சகோதரியின் மைந்தர் மூவர் ஒளியின் தளத்தையே ஆராய்ந்தனர். இராமசேஷன், பெங்களூரில் இராமனிடம் பயின்ற காலத்தில், வைரத்தில் காந்தம் விளைக்கும் தளச்சுழற்சியை அளந்து 1946இல் கட்டுரை வெளியிட்டார். பின்னாளில் திரவப் படிக ஆய்வில் உலகப் புகழ் பெற்ற சந்திரசேகர், தம் முனைவர் பட்ட ஆய்வில் படிகங்கள் தாமே விளைக்கும் சுழற்சியை எடுத்துக்கொண்டார். நம் சொல்லில் கூறினால், ஒருவர் சுழியை அளந்தார்; மற்றவர் புரியை அளந்தார்.

மூன்றாமவர் பஞ்சரத்தினம். 1956இல், தம் 22ஆம் அகவையில், ஒளியின் தளவிளைவு நிலையைப் படிப்படியாக மாற்றி ஒரு சுற்றுச் சுற்றிப் பழைய நிலைக்கே கொண்டுவந்தாலும், அலையின் கட்டத்தில் அச்சுற்றின் தடம் தங்கிவிடும் என்று காட்டினார். 1969இல் ஆக்ஸ்போர்டில் இளமையிலேயே மறைந்தார். 1984இல் மைக்கேல் பெர்ரி குவாண்டம் இயற்பியலில் இத்தகைய கட்டத்தைக் கண்டபோது, பஞ்சரத்தினம் முன்பே கண்டிருந்ததை நினைவூட்டியவர்களுள் அண்ணன் இராமசேஷனும் ஒருவர். பெர்ரியும் 1987இல் அதை ஏற்றுப் போற்றி எழுதினார். இன்று அது பஞ்சரத்தினம்-பெர்ரி கட்டம் என்று வழங்குகிறது.

நம் பிழையை நாம் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். திருத்தச் சீட்டு ஒன்றை அச்சிட்டோம். பேராசிரியை எழுதிய தொடர் ஓர் எழுத்தும் மாறாமல் அதில் இருந்தது. கீழே, அவர் இசைவுடன், சங்கும் சுழியும் எடுத்துக்காட்டாக இரண்டு வரிகளில் இடம்பெற்றன. மாணவர்கள் கைக்குப் போய்விட்ட படிகளைத் தேடித் தேடி வாங்கி, அந்த மாணவி பசை தடவ, நாம் ஒவ்வொன்றாக ஒட்டினோம். நான்கு படிகள் மட்டும் கிடைக்கவில்லை. எங்கேனும் அவற்றுள் ஒன்று யார் கையிலேனும் இருந்து, 'நீங்கும்' என்று படித்து அவர் தலையசைத்துக்கொண்டிருக்கக்கூடும். அவர் கண்ணில் இக்கட்டுரை பட்டால், அடித்துவிட்டு 'நீங்காது. இரட்டிக்கும்' என்று எழுதிக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

அதன்பின் அறிவியல் கட்டு எது நம் மேசைக்கு வந்தாலும், பொருள் முரணாகத் தோன்றும் இடங்களில் சிவப்பு மையைத் தொடுவதில்லை. கரும்பென்சிலால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இட்டு, எழுதியவரிடம் போய்க் கேட்கிறோம். பெரும்பாலும் அவர்கள் எழுதியதே சரியாக இருக்கிறது.